ஐம்பத்தைந்து டிகிரி வரை மௌனம்

சோல்பன் வந்தபோது
புருவத்தில் பனி இன்னும் உருகவில்லை.
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி
கோட்டின் உள்பையிலிருந்து
கணக்கு நோட்டுத் தாள் ஒன்றை எடுத்தான்.
நடுவே பென்சில் கோடு.
இடப்பக்கம் அவனிடம் இருப்பது,
வலப்பக்கம் என் கண்ணாடி அலமாரியில் இருப்பது.
சம்பந்தம் பேச வந்தவன்போல்
ஒவ்வொரு வரியாக விசாரித்தான்.

இர்கூத்ஸ்க் சந்தையில்
இந்த மூன்றடிக் கடைக்குள்
பதினாறு வருடமாக கிராபிக்ஸ் கார்டு விற்கிறேன்.
இப்படித் தாளோடு வருபவர்களை எனக்குப் பிடிக்கும்.

"இருபத்தெட்டு நானோமீட்டர், இது ஐந்து."
ஐந்து என்பது பெயருக்குத்தான், என்றேன்,
என்னை என் அம்மா இளவரசி என்று கூப்பிட்டதுபோல.
ஆனாலும் சிறிது.
நீ இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள்
உன் நகம் அவ்வளவு வளர்ந்துவிடும்.

"நினைவகம் நாலு, இது எட்டு."
சரி.

"பாதை இருநூற்றைம்பத்தாறு பிட்.
இது வெறும் நூற்றிருபத்தெட்டா?"
குரலில் ஏமாற்றப்பட்டவனின் கூர்மை.
தெரு பாதியாகிவிட்டது, உண்மைதான்.
வண்டிகள் மூன்று மடங்கு வேகம்.
போதாததற்கு வாசலிலேயே ஒரு கிடங்கு:
பாதிச் சரக்கு தெருவுக்கே வர வேண்டியதில்லை.
யோசித்தான். பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டான்.
பிறகு அதை அழித்தான்.

"நூற்றுத் தொண்ணூறு வாட், நூற்றுப் பதினைந்து."
இதற்கு நான் எதுவும் சொல்லவில்லை.
மின்கட்டணம் எல்லோருக்கும் தாய்மொழி.

கடைசி வரி மட்டும்
வேறு கையெழுத்தில் இருந்தது, தரிமாவுடையது:
சத்தம்?

ஐம்பத்தைந்து டிகிரி வரை
விசிறியே சுற்றாது, என்றேன் பெருமையாக,
நானே செய்ததுபோல்.

பழையதைக் கழித்துக்கொண்டு மீதி கொடுத்தான்.
வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
வீட்டுக்குப் போனதும் செருகிவிடாதே,
இரண்டு மணி நேரம் பெட்டியோடு கிடக்கட்டும்,
குளிரிலிருந்து வந்தால் வியர்க்கும், ஈரத்தில் செத்துப்போகும்.
தலையாட்டினான்.
டிராம் அவனை ஆற்றுமூடுபனிக்குள் கொண்டுபோனது.

மூன்றாம் நாள் இரவு பதினொன்றரைக்குப் போன்.
"ரயீஸா, கார்டில் ஒரு குறை."
திரை கறுக்கிறதா?
"இல்லை."
கோடு விழுகிறதா?
"இல்லை. கல்யாண வீடியோ
பாதி நேரத்தில் முடிகிறது.
முடிந்ததும் அமைதியாகிவிடுகிறது.
உடனே குழந்தை எழுந்துவிடுகிறாள்."

ஆர்யுனா பிறந்த ஏழு மாதமும்
அந்தப் பழைய விசிறி
அவள் தலைமாட்டில் இரைந்திருக்கிறது.
தரிமா கேட்ட சத்தம் இதுதான்.
இருக்குமா என்று கேட்டாள்,
இருக்காது என்று நான் பெருமையடித்தேன்.

அமைப்புக்குள் போ, என்றேன்.
சுழியம் என்ற வசதியை அணை.
நாற்பது சதவீதம் வை.
தொலைபேசியில் அழுகை.
ஐம்பது.
சிணுங்கல்.
ஐம்பத்தாறு?
"கொஞ்சம் கீச்சென்று இருக்கிறது."
ஐம்பத்திரண்டுக்கு இறக்கு. மெல்ல. ஐம்பத்து மூன்று.

அவன் பேசவில்லை.
நானும் பேசவில்லை.
காதோடு ஒட்டிய போனில்
புது விசிறி ஒன்று
பழைய விசிறிபோல நடிக்க முயன்றுகொண்டிருந்தது.
பிறகு தரிமா, கிசுகிசுப்பாக:
"வையுங்கள், வையுங்கள்."
கணவனிடம் சொன்னாளா, என்னிடமா,
தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

இப்போது யாராவது
இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால்
பாதை, வேகம், வாட் எல்லாம் சொல்கிறேன்.
அப்புறம் ஒரு கேள்வி:
எந்த அறையில் வைக்கப்போகிறீர்கள்,
அங்கே யார் தூங்குகிறார்கள்?
சிலர் முறைக்கிறார்கள்.

சோல்பனின் பழைய கார்டு
கீழ்த்தட்டில் கிடக்கிறது.
தூசி தட்டி, பசை மாற்றி,
ஓட்டிப் பார்த்தேன்: இடது விசிறியில்
சுற்றுக்கொரு முறை டிக் என்கிறது.
எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போய்விடும்.
விடவில்லை.
விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது.
யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.